புளித்த காட்டுக்காரர்

பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது பக்கத்து ஆள் நம் காலை மிதித்தால் என்ன செய்வோம்? "ஏங்க, காலை எடுங்க" என்போம். கொஞ்சம் முன்கோபி என்றால் இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்வோம். என் அக்காவின் கணவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு முறை வத்தலக்குண்டில் ஏறியவர், மலைப்பாதை முழுக்க யாரோ ஒருவருடைய பூட்ஸுக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்தபடியே வந்து கொடைக்கானலில் இறங்கினார். நகம் கறுத்துப் போயிருந்தது.

"வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதான மச்சான்?" என்று கத்தினேன்.

"அந்தாளு பாவம், போன்ல பேசிக்கிட்டே வந்தாரு. சொன்னா அவருக்கு ஒரு மாதிரி ஆயிரும்ல மாப்ள" என்றார்.

இன்று அவர் இல்லை. இருந்திருந்தால் இப்படி எழுதுகிறேன் என்று தெரிந்ததுமே ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார். அதனால் பெயரை எழுதவில்லை. அவருக்காக இதையாவது செய்கிறேன்.

எனக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நான் கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறவன். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் வாயடித்துப் பிழைக்கிற பிழைப்பு. கூச்சப்பட்டால் மறுநாள் அடுப்பு எரியாது. அவரோ கிளாவரைக்குப் போகிற வழியில், மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி. புதுச் செருப்பு வாங்கினால் அளவு சரியில்லை என்று கடைக்காரரிடம் சொல்லக் கூச்சம். 'இத்தனை ஜோடியை எடுத்துக் காட்டிட்டாரே' என்று கடிக்கிற செருப்பை வாங்கிக்கொண்டு வந்து அக்காவிடம் திட்டு வாங்குவார். பந்தியில் சோறு கேட்க மாட்டார். ரசத்துக்கு வைத்த சோற்றிலேயே மோரையும் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் அரைப் பட்டினியோடு ஊர் திரும்பினார் என்பது எங்கள் அம்மாவுக்குக் கடைசி வரை ஆறாத குறை.

அப்படிப்பட்டவருக்கும் பெருமையடித்துக்கொள்ள ஒரு விஷயம் இருந்தது. அது அவருடைய மண். பயிர் வைக்கிற நிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்தக் காட்டு விதைப்பூண்டுக்குத் தனிப் பெயர். நடவுக்கு முன்னால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள். மண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் டீக்கடையில் இவர் குரல் ஏறும். "உரத்தைக் கொட்டியே மண்ணைப் பாழாக்கிட்டானுக, சோம்பேறிப் பயலுக. எங்க காட்டு மண்ணை அள்ளி வாயில போட்டாலும் இனிக்கும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தானும் வருஷா வருஷம் மூட்டை மூட்டையாக உரம் வாங்குவதை அவர் அந்த நேரத்தில் சௌகரியமாக மறந்துவிடுவார்.

பிறகு அவர் காட்டிலும் பூண்டுத் தாள் நுனியிலிருந்து மஞ்சள் பாய ஆரம்பித்தது. மண்ணுக்குள் பூண்டு பெருக்கவில்லை. நான்தான் பிடிவாதமாக மண்ணை ஒரு பையில் கட்டி, அவரையும் இழுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்தில் பரிசோதனைக்குக் கொடுக்கப் போனேன். முடிவைக் கேட்கப் போன அன்று அந்த அறையில் மன்னவனூர்ப் பக்கத்து விவசாயிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதர், ஆனால் தொண்டை பெரிது.

"ஐயா, ஒங்க மண்ணு அமிலம் ஏறி நல்லா புளிச்சுக் கெடக்கு! இதுல எவ்வளவு உரத்தைக் கொட்டினாலும் பயிருக்குப் போய்ச் சேராது. நம்ம மலையில பெய்யற மழைக்குச் சுண்ணாம்புச் சத்தெல்லாம் அரிச்சுக்கிட்டு ஓடிரும். உரமும் சேர்ந்தா சொல்லவே வேணாம். டோலமைட் போடுங்க. ஒண்ணுமில்ல, மலைக்கல்லை அரைச்ச மாவு. பூண்டு ஊன்றதுக்கு முன்னாடியே தூவி, கொத்திக் கலந்து விட்டுருங்க. கொஞ்சம் கொஞ்சமா சரியாயிரும்."

உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் இவரிடம் விதைப்பூண்டு வாங்குகிறவர். எவ்வளவு போட வேண்டும் என்று கேட்கத் திரும்பினால் மச்சானைக் காணவில்லை. நான்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவர் ஜீப்புக்குள், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளை திருடிவிட்டான் என்று கேள்விப்பட்ட தகப்பன்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டான்.

"வெளிய தெரிஞ்சா விதைக்கு ஒருத்தனும் வர மாட்டான் மாப்ள. எங்க அப்பன் பேரு போயிரும். ஒங்கக்கா மேல சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றார். அக்காவின் தலையை இழுத்தால் நான் என்ன செய்வேன்? செய்து கொடுத்தேன்.

எங்கள் மலையில் ரகசியம் காப்பது லேசான காரியமில்லை. எல்லாக் காடும் சரிவில் படிப்படியாக இறங்குகிறது. எதிர்மலைக்காரர் கட்டிலில் படுத்தபடியே நம் காட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்த மாடு பயிரில் இறங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். கறுத்த மண்ணில் வெள்ளை மாவைத் தூவினால் கேட்கவே வேண்டாம். ஆகவே மச்சான் மூடுபனிக்காகக் காத்திருப்பார். வெள்ளனே எழுந்து, கையை நீட்டினால் கை தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தால் மட்டும் அக்காவை எழுப்பிக்கொண்டு காட்டுக்குப் போவார். ஒருவர் தூவ ஒருவர் கொத்த, பனி விலகுவதற்குள் மண்ணைப் புரட்டி மூடிவிடுவார்கள். ஊரில் எல்லோரும் பனியைத் திட்டிக்கொண்டிருக்கும் நாட்களில் இவர் முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.

மூட்டைகளைக் கீழேயிருந்து ஏற்றி வருவது என் பொறுப்பு. கடைப் பெயர் போட்ட சாக்கில் வரக் கூடாது, அரிசிச் சாக்கில் மாற்றிக் கட்டி வர வேண்டும் என்பது உத்தரவு. அப்படியும் ஒரு தடவை இறக்கும்போது சாக்கு பிரிந்து கொட்டிவிட்டது. வழியில் போனவர், "என்னங்க இது, வெள்ளையா?" என்று நின்றார்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்க" என்று மச்சான் பட்டென்று சொன்னார். வாழ்க்கையில் அவர் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

சொன்னதால் அடிக்க வேண்டியதாயிற்று. டோலமைட் சுவரில் எங்கே ஒட்டும்? கஞ்சியைக் காய்ச்சி ஊற்றிக் கலக்கி அடித்தார். அந்த வருஷம் மட்டுமல்ல, மூட்டை வந்த ஒவ்வொரு வருஷமும் அடித்தார். அந்தச் சுவரில் சாய்ந்தவர்கள் எல்லோரும் முதுகில் வெள்ளையோடு போனார்கள். யார் யார் எங்கள் அக்கா வீட்டுக்கு வந்து போனார்கள் என்பது ஊருக்கே தெரிந்துபோகும். "மனுசன்னா இப்பிடி இருக்கணும், வருசா வருசம் வீட்டை எப்பிடி வச்சுக்கிறாரு பாரு" என்று பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைக் குத்திக்காட்டினார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் வந்து, அம்மன் கோயில் சுற்றுச்சுவருக்கும் இவர்தான் வெள்ளையடிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் இவருக்குத் தெரியாதே. காட்டுக்குப் போக வேண்டிய மூட்டை ஒன்று கோயில் சுவருக்குப் போனது. அன்று நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமலே வந்துவிட்டது. சிரித்ததை நினைத்தால் இப்போது நன்றாக இல்லை.

ஏனென்றால் அவர் காட்டுக்குக் கீழ்ப்படியில் பேச்சியம்மாவின் காடு இருந்தது.

பேச்சியம்மாவின் கணவன் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவன், வருஷத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு வருவான். காட்டை அவள் ஒருத்திதான் பார்த்தாள். மேல் காடு எப்படிப் புளித்ததோ அப்படித்தான் கீழ்க் காடும் புளித்தது. மேல் காடு மருந்து குடித்துத் தேறிவிட்டது, கீழ்க் காடு தேறவில்லை. ஒவ்வொரு வருஷமும் அவள் பூண்டு கோலிக்குண்டு அளவில் வந்தது. "அவ கைராசி அப்பிடி" என்றது ஊர். நடவு நாட்களில் அவளை யாரும் தங்கள் காட்டில் முதல் பூண்டை ஊன்றக் கூப்பிடுவதில்லை. கூலிக்கு வந்தாலும் களை எடுக்கத்தான் விடுவார்கள்.

இதில் ஒரு கொடுமை உண்டு. மழையில் மேல் காட்டிலிருந்து கரைந்து இறங்குகிற மாவு, வரப்பை ஒட்டி அவள் காட்டில் ஒரு ஓரமாகப் படியும். அந்த ஓரத்தில் மட்டும் பூண்டு கருகருவென்று நிற்கும். ஊருக்கு அதற்கும் ஒரு காரணம் இருந்தது. "மேல காட்டுக்காரரு கைராசி அங்கன வரைக்கும் எறங்குது பாரு" என்றார்கள். பேச்சியம்மாவே இவரிடம் வந்து, "அண்ணே, ஒங்க கையால எங் காட்டுல நாலு பூண்டு ஊனிக் குடுங்கண்ணே" என்று கேட்டாள். இவர் போய் ஊன்றிக் கொடுத்தார். திரும்பி வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

"ஒரு வார்த்தை சொல்லிருங்க மச்சான். சுண்ணாம்புக் கல்லு மாவைப் போடு தாயின்னா முடிஞ்சது" என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன்.

"சொல்லுவோம். எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

"நான் சொல்லட்டா?"

"ஒங்கக்கா தலையில அடிச்சிருக்க."

பேச்சியம்மாவின் மகள் பத்தாவது முடித்தவள், நன்றாகப் படிக்கிற பெண். மேலே படிக்க டவுன் பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்திருந்தது. அந்த வருஷமும் பூண்டு வராமல் போகவே, அப்பன் வேலை செய்கிற ஊரிலேயே மில்லுக்குப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவளை இறக்கிவிட்டது என் ஜீப்தான். பெண் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. நானும் அன்று வாயடிக்கவில்லை. அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, உரக்கடைக்குப் போய் மச்சானுக்கு டோலமைட் ஏற்றிக்கொண்டு மலையேறினேன். இதைவிடக் கேவலமான சவாரி ஒன்றை நான் ஓட்டியதில்லை.

அடுத்து, காட்டேஜ் கட்ட இடம் தேடி வந்த ஒரு ஆள் பேச்சியம்மாவின் காட்டைப் பார்த்துவிட்டுப் போனார். விளையாத காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று அவளும் சரி சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள். அன்று மாலை மச்சான் எனக்குப் போன் செய்தார். "மாப்ள, இந்தத் தடவை ரெண்டு மடங்கா ஏத்திட்டு வா. வெரசா வரணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சொல்லிட்டீங்களா மச்சான்?"

"சொல்லுறது என்ன. அவ காட்டுலயும் நாமளே போட்டு விட்டுட்டாப் போச்சு. பூண்டு நல்லா வந்துட்டா அவ எதுக்குக் காட்டை விக்கப் போறா?"

அவருக்குத் தோன்றிய வழியைப் பாருங்கள். நானும் அதை நல்ல வழி என்றுதான் நினைத்தேன்.

மூட்டைகளை இறக்கிவிட்டு அன்றிரவு அங்கேயே தங்கினேன். காலையில் மச்சானும் அக்காவும் பேச்சியம்மாவின் காட்டில் மாவைத் தூவிக்கொண்டிருந்தபோது காற்று திரும்பியது. பனி மளமளவென்று விலகிவிட்டது. கொத்திக் கலக்க நேரமில்லை. இரண்டு பேரும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார்கள். கீழ்க் காடு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாகக் கிடந்தது.

பேச்சியம்மா வந்து பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. வருஷக்கணக்காகக் கைராசி இல்லாதவள் என்று பேர் வாங்கியவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். சுடுகாட்டுச் சாம்பலைத் தூவி யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். அவள் போட்ட கூச்சலில் எதிர்மலைக்காரர்கள்கூட இறங்கி வந்தார்கள்.

"அதான் வெளங்கல! இத்தன வருசமா எங் காடு வெளங்காமக் கெடந்தது இதனாலதான்!" என்று கத்திக்கொண்டே குனிந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளினாள். எங்கள் பக்கத்தில் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டால் அது பலிக்காமல் போகாது என்பார்கள். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். "எங் காட்டுல இதைத் தூவுன கை வெளங்காமப் போவும்! அவன் குடி மண்ணாப் போவும்!" என்று தூற்றினாள்.

மச்சான் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். கைகளைப் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்தார். நான் அவரையே பார்த்தேன். உதடு இரண்டு தடவை அசைந்தது. யாரோ அவரிடமே கேட்டார்கள், "நீங்க மேல காட்டுக்காரரு. வெள்ளனே யாரும் வந்ததைப் பார்த்தீங்களா?"

"பனியா இருந்துச்சு" என்றார்.

பேச்சியம்மாவின் கொழுந்தனுக்கும் அவளுக்கும் வரப்புத் தகராறு உண்டு. கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. அவன் இல்லை இல்லை என்று கும்பிட்டான். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "ஏலே, சத்தியம் பண்றா கோயில்ல வந்து" என்று இழுத்தார்கள். மச்சானின் கண் என்னைத் தேடியது. 'நீயாவது சொல்லு' என்று அது கேட்டது எனக்குத் தெரியும். என் வாயும் திறக்கவில்லை. ஊரெல்லாம் வாயடிக்கிற வாய் அது.

அக்காதான் முன்னால் வந்தாள். "அவனை விடுங்க. தூவுனது நாங்கதான். சாம்பலும் இல்ல, செய்வினையும் இல்ல. மண்ணு புளிப்பு எடுக்கப் போடுற கல்லு மாவு. எங்க காடும் புளிச்ச காடுதான். வருசா வருசம் நாங்க இதைத்தான் போடுறோம்" என்றாள். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினாள்.

கொழுந்தன் சட்டையைச் சரிசெய்துகொண்டான். பேச்சியம்மா, கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டக்கூட மறந்து, மச்சானிடம் வந்தாள்.

"வருசா வருசமாவா அண்ணே?"

அவர் தலையாட்டினார்.

"எங் காடு ஏன் வெளங்கலன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அதற்கும் தலையாட்டினார்.

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு தங்கச்சி" என்றார்.

அவள் அவரை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. "எம்புள்ள படிக்கணும் படிக்கணும்னு அழுதாண்ணே" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு மம்பட்டியை எடுத்து மாவைக் கொத்திக் கலக்க ஆரம்பித்தாள். அக்கா உதவிக்குப் போனாள். பேச்சியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு ஆண்களும் வரப்பில் நின்றோம்.

காட்டை அவள் விற்கவில்லை. அந்தத் தடவையே பூண்டு பரவாயில்லை, அதற்கடுத்த தடவை நன்றாகவே வந்தது. அவள் கைராசியைப் பற்றிய பேச்சு தானாக நின்றது. மகள் மட்டும் திரும்பவில்லை. மில்லிலேயே பழகிவிட்டது, இனி வந்து சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து என்ன படிக்க என்று சொல்லிவிட்டாளாம்.

மறு வருஷம் நான் மூட்டைகளைக் கடைப் பெயர் போட்ட சாக்கிலேயே ஏற்றிப் போனேன். மச்சான் அப்படியே தோளில் வாங்கி இறக்கினார். பனிக்கும் காத்திருக்கவில்லை. பளீரென்று வெயில் அடிக்கும்போது, எதிர்மலையெல்லாம் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, காடு முழுக்கத் தூவினார். முகமெல்லாம் வெள்ளை, தலையெல்லாம் வெள்ளை. அப்படியே கழுவாமல் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடையில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். பீன்ஸ் விலையைப் பற்றிப் பேசினார்கள். பஸ் வராததைப் பற்றிப் பேசினார்கள். விதைப்பூண்டு வாங்குகிறவர்கூட, "என்னங்க, இந்த வருசம் எப்ப எடுப்பீங்க? எனக்கு எடுத்து வச்சிருங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். இவர் மேல் ஒட்டியிருந்த வெள்ளையை ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தரும் கேக்கல மாப்ள" என்றார்.

"அப்புறம் என்ன மச்சான்? இனி நிம்மதிதான?"

"நிம்மதியா?" என்றார். வெள்ளை பூத்த இமைகளுக்குள் கண் சிவந்திருந்தது. "ஒண்ணுமே இல்லாத இதுக்காகவா அந்தப் புள்ளய மில்லுக்கு அனுப்புனோம்?"